தண்ணி கேட்டா குடு, வெவரம் கேட்டா திருப்பிக் கேளு

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்த நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன்.

"மேடம், பேங்க்ல இருந்து பேசறோம். உங்க கார்டு பிளாக் ஆயிடுச்சு. கார்டு மேல இருக்கற நம்பரச் சொல்லுங்க."

"நீங்க யாருங்க தம்பி?"

"மேனேஜர் மேடம்."

"எந்த ஊருங்க?"

"மும்பை."

"மும்பைன்னா ஆச்சா? சொந்த ஊரு எது? யாரூட்டுப் புள்ள நீ? அப்பா பேரு என்ன?"

"மேடம், அதெல்லாம் எதுக்கு?"

"அட, நீ என் நம்பரக் கேக்கலாம், நான் உங்கப்பன் பேரக் கேக்கக் கூடாதா? இது எந்த ஊரு நாயம்?"

பட்டென்று வைத்துவிட்டான். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த சங்கீதாவுக்குச் சிரிப்பில் புரை ஏறி, டீ முந்தானை மேலெல்லாம் கொட்டியது. சங்கீதா, கடத்தூருக்கு மேற்கே நான் முதலில் வேலை பார்த்த அதே ஆரம்பப் பள்ளியில் இப்போது ஆசிரியை. பிள்ளைகளுக்கு இன்டர்நெட்டில் ஏமாறாமல் இருக்கச் சொல்லித்தர வேண்டுமாம், அதற்கு என்னை வந்து பேசச் சொன்னாள். "அடி போடி, வாட்ஸ்அப்புல வர்ற குட்மார்னிங்க அழிக்கவே எனக்குத் தெரியாது" என்றேன்.

"பேங்க்காரனையே ஓட வெச்சிட்டீங்களே, இத யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"காதர் சார். எம்பதுகள்ல."

அதை அப்படியே எழுதித் தரச் சொன்னாள். எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி. களிமண்ணில் மாம்பழம் செய்யவும், அட்டையில் கடிகாரம் வெட்டவும், கரும்பலகையைப் பார்த்தபடியே பின்னால் பேசுகிறவனைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஆர்டர் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

பள்ளிக்கூடம் இருந்தது ஒரு கொட்டாயில். எங்கள் பக்கத்தில் குடியானவர்கள் ஊருக்குள் ஒட்டி ஒட்டி வீடு கட்டாமல், அவரவர் காட்டிலேயே வீடு போட்டுக்கொள்வார்கள். அப்படிச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குத்தான் கொட்டாய் என்று பெயர். ஒரு வீட்டில் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. பள்ளிக்கு ஒரே கூடம். இந்தப் பக்கம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எனக்கு, அந்தப் பக்கம் நாலும் ஐந்தும் தலைமை ஆசிரியர் காதர் சாருக்கு. நடுவில் தடுப்பாக ஒரு கரும்பலகை.

காதர் சார் தர்மபுரியில் இருந்து வருவார். ஒல்லி உருவம், வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் கைநீட்டி ஒரு பிள்ளையை அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கோபம் பிரம்பைவிட மோசம். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "டேய் முருகா" என்றால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். "முருகனுங்களா, கொஞ்சம் இப்பிடி வாங்க. வூட்டுக் கணக்குப் போட்டீங்களாங்க? போடலீங்களா? ஏனுங்க?" என்று ஆரம்பித்தால் போயிற்று, மறுநாள் முருகன் முதல் ஆளாகக் கணக்கைக் காட்டுவான். ஒருநாள் நான் தாமதமாக வந்தபோது, "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க, தண்ணி சாப்பிடறீங்களாங்க?" என்றார். அதற்குப் பிறகு நான் தாமதமாகப் போனதே இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. வழியில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "யாரூட்டுப் புள்ள நீ?" பிள்ளை நின்று, கையைக் கட்டி, அப்பா பேர், தாத்தா பேர், காடு எந்தப் பக்கம், அம்மா பிறந்த ஊர் எது என்று எல்லாம் சொல்ல வேண்டும். கேட்டவர் உடனே முறை கண்டுபிடித்து, "அப்ப நான் உனக்குச் சித்தப்பன் ஆவணும்" என்பார். சொல்லாமல் ஓடுகிற பிள்ளைக்கு, "பெத்தவங்க வளத்த லட்சணம்" என்று பேர் கெடும்.

இதில் கெட்டிக்காரி என் மூன்றாம் வகுப்பு மாதேஸ்வரி. எல்லோருக்கும் மாதி. ரேடியோவைத் திருகிவிட்ட மாதிரி நிறுத்தாமல் சொல்வாள். கேட்டது ஒன்று, அவள் சொல்வது ஒன்பது. வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் போடும் "உள்ளேன் டீச்சர்" சத்தத்தில் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து காதர் சாரும் "உள்ளேன்" என்பார். வகுப்பே கொல்லென்று சிரிக்கும்.

கடலைக்காய் பிடுங்குகிற சமயம். சாயங்காலம் மாதி வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். சைக்கிளில் ஒரு ஆள் வந்து தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். "யாரூட்டுப் புள்ள கண்ணு நீ?"

"பெருமாளு மவளுங்க."

"அட, பெருமாளு மவளா! நான் உனக்கு மாமன் முறை ஆவணும்டா!"

அவள் சொன்ன பேரையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்து, கேடுகெட்டவன் மாமன் ஆகிவிட்டான். சட்டைப் பையில் இருந்து பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுத்தான். அப்பாவும் அம்மாவும் எங்கே என்றான், கீழ்க்காட்டில் கடலைக்காய் பிடுங்குகிறார்கள் என்றாள். நாளைக்கும் போவார்களா என்றான், போவார்கள், பொழுது சாய்ந்துதான் வருவார்கள் என்றாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்களா என்றான். "பூட்டிட்டுத்தான் மாமா. சாவி ஆட்டுக்கல்லுக் குழியில இருக்கும்."

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, வீட்டில் இருந்த பித்தளை அண்டா, ரேடியோ, அவள் அம்மா முனியம்மாவின் கம்மல் எல்லாம் போய்விட்டன. பூட்டை உடைக்கவில்லை. திருடியவன் திரும்பப் பூட்டி, சாவியை ஆட்டுக்கல்லிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். என்ன ஒரு நாகரிகம் பாருங்கள்!

அவனைக் கடைசி வரை யாரும் பிடிக்கவில்லை. கையில் கிடைத்தவள் மாதிதான். அக்கம்பக்கத்தில் ஒருத்தர் பாக்கி இல்லாமல், "இவ வாயாலதான் போச்சு" என்றார்கள். பெருமாள் அடிக்கவில்லை, ஆனால் நாலு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நாலு நாளில் மாதி வாயை மூடினாள். மூடினவள் மூடினவள்தான். வீட்டில் பேச்சு இல்லை, பள்ளியில் பேச்சு இல்லை. பேரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். கரும்பலகைக்கு அந்தப் பக்கம் காதர் சார் ஒரு வினாடி காத்திருப்பது எனக்குத் தெரியும். சத்தம் வராது. அடுத்த பேரைக் கூப்பிடுவேன்.

ஊர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தது. இனிமேல் எந்தப் பிள்ளையும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. அவ்வளவுதான், ஆள் தலை தெரிந்தால் பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் பாய ஆரம்பித்தார்கள். தபால்காரர் காலி வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். கம்பைநல்லூரில் இருந்து சீப்பு வாழைப்பழத்தோடு வந்த ஒரு நிஜத் தாய்மாமன், அக்கா பிள்ளைகள் ஓடி ஒளிந்த சோளக்காட்டைப் பார்த்து, "நல்லா இருங்க சாமிங்களா" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில் பெருமாள் பள்ளிக்கு வந்தார். "டீச்சர், பேசாத புள்ளைக்கு எதுக்குங்க இஸ்கோலு? பரிட்சை வரைக்கும் பாக்கறேன். அப்பறம் ஆடு மேய்க்கட்டும். ஆட்டுக்கிட்டப் பேச வேண்டியதில்ல."

காதர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெருமாளுங்களே, உக்காருங்க. புள்ள அன்னிக்கு சாயந்தரமே 'ஒரு ஆளு வந்தான்'னு உங்ககிட்டச் சொல்லிருந்தா சாவிய மாத்தி வெச்சிருப்பீங்க, இல்லீங்களா? ஏன் சொல்லலன்னு கேட்டீங்களாங்க?"

"கேக்கலீங்க சார்."

"நான் கேட்டேனுங்க. அவ எழுதிக் காமிச்சா. முட்டாய் வாங்கித் தின்னதுக்கு அம்மா அடிக்கும்னு சொல்லலீங்களாம்."

பெருமாள் தலையைக் குனிந்தார். அத்தனை 'ங்க' கேட்டால் யாருக்கும் குனியத்தான் தோன்றும்.

அவர் போன பிறகு காதர் சார் என்னிடம் சொன்னார். "டீச்சரம்மா, எங்கண்ணன் தர்மபுரியில பூட்டு ரிப்பேர் கடை வெச்சிருக்காரு. பூட்ட ஒடைக்கறவன் கொஞ்சம்தான், சாவி எங்கன்னு கேட்டு வாங்கறவன்தான் ஜாஸ்தின்னு சொல்லுவாரு. அதுக்காக வாயைப் பூட்டிட முடியுமா? நாளைக்கு ஒருத்தன் கையப் புடிச்சி இழுத்தா, கத்தறதுக்கு அந்த வாய் வேணுமில்ல?"

எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தராத அந்தப் பாடம் இப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, வேப்பமரத்தடி. சுண்ணாம்புக் கோட்டால் தரையில் ஒரு சதுரம், அதுதான் வீடு. ஒரு பிள்ளை உள்ளே நிற்கும். காதர் சார் பின்பக்கமாகப் போய், துண்டைத் தலைப்பாகை கட்டி, எங்கிருந்தோ வாங்கிய கறுப்புக் கண்ணாடி மாட்டி, சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வருவார். காதர் சார்தான் என்று தெரிந்தே பிள்ளைகளுக்கு மயிர்க்கூச்செறியும்.

"கண்ணு, கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீர் கொடுக்க வேண்டும். அதில் அவர் கறாராக இருந்தார், தாகத்துக்கு வந்தவனைத் துரத்தக் கூடாது. ஆனால் சொம்பைக் கோட்டின் மேல் வைத்துவிட்டுக் கை எட்டாத தூரம் பின்னால் போய்விட வேண்டும். அவர் கேள்வி கேட்டால் பதில் கிடையாது, திருப்பிக் கேள்விதான். நீங்க யாருங்க? எந்த ஊருங்க? யாரப் பாக்க வந்தீங்க? எதுக்கும் மசியாமல் நின்றால், "அப்பா வரட்டும், கேட்டுச் சொல்றேனுங்க." மரியாதை குறையவே கூடாது, விவரம் போகவே கூடாது. "தண்ணி கேட்டா குடு! வெவரம் கேட்டா திருப்பிக் கேளு!" என்று பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்துவார்கள்.

கடைசி விதிக்குத்தான் அவர் அதிகப் பாடுபட்டார். "சொல்லிட்டாலும் சொல்லு." வாய் தவறிச் சொல்லிவிட்டாலும், முட்டாய் வாங்கித் தின்றுவிட்டாலும், அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும். வீட்டில் அடித்தால் எந்தப் பிள்ளை சொல்லும்? அதனால் பெற்றவர்களையும் ஒரு வெள்ளிக்கிழமை மரத்தடிக்கு வரவழைத்தார். சத்தியம் செய்கிற மாதிரி கையை நீட்டச் சொல்லி, "சொன்ன புள்ளய அடிக்க மாட்டோம். தப்பு திருட வந்தவன் மேலதான்" என்று சொல்ல வைத்தார். முனியம்மா அதைச் சொல்லும்போதே உடைந்து, மாதியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "போனது அண்டாதான் சாமி, நீ போவலியே" என்று அழுதாள். மாதி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம், காதர் சார் திருடனாக வந்து தலைப்பாகை சைக்கிள் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு திண்டாடியபோது, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். நான் பார்த்தேன்.

சில வாரங்களில் காதர் சார் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டார். பயம் போய், "சார், தலப்பா சரியில்ல" என்று திருத்த ஆரம்பித்தார்கள். அதனால் புது ஆட்களைக் கொண்டுவந்தார். ஒரு வாரம் தபால்காரர், ஒரு வாரம் ரேஷன் கடையில் எடை போடுகிறவர், ஒரு வாரம் பூட்டுக்கார அண்ணனே. யார் வரப்போகிறார், எந்தக் கிழமை வரப்போகிறார் என்று எனக்கும் சொல்ல மாட்டார். "உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சிடும் டீச்சரம்மா" என்பார். உண்மைதான், என் முகம் அப்படி.

பரிட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. காதர் சார் எதற்கோ கடத்தூர் போயிருந்தார். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆள். தலையெல்லாம் புழுதி, வேர்வையில் ஒட்டிய சட்டை, தோளில் ஒரு பை. வாசற்படிக்கு வந்து நின்று, "வணக்கம். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார்.

தண்ணி! வகுப்பு முழுக்க ஒரே கிசுகிசு. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இந்த வாரத்து ஆள் இவர்தான். புழுதியெல்லாம் பூசிக்கொண்டு வந்திருக்கிறாரே, தத்ரூபம்!

முருகன் சொம்பைக் கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டுப் பின்னால் குதித்தான். அவர் விழித்தார். குடித்துவிட்டு, "உன் பேரு என்னப்பா?" என்றார்.

"நீங்க யாருங்க?" இது முருகன்.

"நானா? உன் பேரச் சொல்லுப்பா முதல்ல."

"எந்த ஊருங்க?" இது பின்வரிசை.

"யாரப் பாக்க வந்தீங்க?" இது எல்லோரும்.

அவர் என்னைப் பார்த்தார். "என்னம்மா இது?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு, "அவங்களயே கேளுங்க" என்றேன். பிள்ளைகளிடம், "விடாதீங்கடா!" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அவர் பொறுமைசாலி. ஓரத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்த மாதியைப் பார்த்துவிட்டார். இந்தப் பிள்ளையாவது அடக்கமாக இருக்கிறதே என்று நினைத்திருப்பார். அருகே போய்க் குனிந்து, "நீ யாரூட்டுப் புள்ளம்மா? வூட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டபடி, சட்டைப் பையில் இருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து நீட்டினார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதே கேள்வி, அதே முட்டாய். காதர் சார் இதைச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது என்று நினைத்தேன். ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொள்ளலாமா என்று கால் துடித்தது.

மாதி எழுந்தாள். கை எட்டாத தூரம் பின்னால் போனாள். ஒரு மூச்சு இழுத்தாள்.

"நீங்க யாருங்க?"

கரகரத்த குரல். பல மாதமாகக் கிணற்றில் இறைக்காமல் விட்ட தண்ணீர் மாதிரி.

"எந்த ஊருங்க? யாரப் பாக்க வந்தீங்க? முட்டாய் வேணாமுங்க. எங்கூட்ல யாராச்சும் இருப்பாங்க. யாருன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேனுங்க!"

பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். "மாதி பேசிட்டா! மாதி பேசிட்டா!" முருகன் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தான். நான் கையில் இருந்த சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு, வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதேன். அந்த ஆள் நடுவில் முட்டாயோடு நின்றார்.

அப்போது சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. காதர் சார் உள்ளே வந்தார், அவரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"வணக்கங்க ஐயா. எப்ப வந்தீங்க? ஜீப்பு காணமுங்களே?"

"வழியில நின்னு போச்சு. நடந்து வந்தேன். வருசாந்திர ஆய்வுக்கு."

புதிதாக மாற்றலாகி வந்த கல்வி அதிகாரி! எனக்கு அப்போது வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்த மனிதர் எழுதுகிற ஒரு வரியில்தான் என் சோறு இருந்தது. "விடாதீங்கடா" என்று வேறு சொல்லியிருக்கிறேனே, ஐயோ! தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

காதர் சார் நடந்ததையெல்லாம் சொன்னார். திருட்டு, மாதியின் மௌனம், வெள்ளிக்கிழமை மரத்தடி, எல்லாம். அதிகாரி கேட்டுக்கொண்டே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மாதி பக்கம் திரும்பி, பெரிய மனுஷிக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, நான் கல்வி அதிகாரி. சொந்த ஊரு அரூர் பக்கம். எங்கப்பா பேரு சின்னசாமி, மஞ்சள் வெள்ளாமை. உங்க ஹெட்மாஸ்டரப் பாக்க வந்தேன். இப்ப உன் பேரச் சொல்லலாமா?"

மாதி என்னைப் பார்த்தாள். காதர் சாரைப் பார்த்தாள். "உன் இஷ்டம்மா" என்றார் அவர். அவள் அதிகாரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாதேஸ்வரிங்க. மத்தத எங்கப்பா வந்ததும் கேட்டுக்கங்க."

அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர! காதர் சார் சிரித்தார், நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆய்வறிக்கையில் அவர் என்ன எழுதினாரோ, அந்த வருடமே என் வேலை நிரந்தரமானது. போகும்போது அந்த முட்டாயைக் காதர் சார் கையில் கொடுத்து, "நீங்க குடுங்க சார், உங்க கையால வாங்கிக்குவா" என்றார். வாங்கிக்கொண்டாள்.

மாட்டேன் என்றவள்தான், கடைசியில் சங்கீதாவின் வகுப்புக்குப் போன வாரம் போய்வந்தேன். போனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆட்டுக்கல்லில் வைத்த சாவியைச் சொன்னேன், மாமன் முறை கொண்டாடிய ஆளைச் சொன்னேன், ராகம் போட்டுக் கத்த வைத்தேன். முடிந்ததும் ஒரு சின்னப் பெண் மெதுவாக வந்து, "போன் விளையாட்டுல ஒரு அண்ணா பேசுவாரு டீச்சர். எந்த இஸ்கோலுன்னு கேட்டாரு. சொல்லிட்டேன்" என்றாள். சங்கீதா அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, "இப்பச் சொன்ன பாரு, அதுதான் கண்ணு கெட்டிக்காரத்தனம்" என்றாள். அன்றைக்கே அந்தப் பிள்ளையின் அம்மாவை வரவழைத்து, அந்த 'அண்ணா'வைப் போனில் இருந்து துரத்தினார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நினைவில் ஓடியது அதிகாரி வந்ததற்கு மறுநாள் காலைதான். பெருமாள் மாதியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்க அவள் பேசிக்கொண்டே இருந்தாளாம், யாரையும் தூங்க விடவில்லையாம். "ஆட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கறேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

வருகைப்பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வந்து, அவள் பேரில் நின்றேன்.

"மாதேஸ்வரி."

"உள்ளேன் டீச்சர்!"

கரும்பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு காதர் சாரின் குரல், கொஞ்சம் கம்மிப்போய் வந்தது.

"உள்ளேனுங்க."